துரைசானி அவல்

சமையலறையிலிருந்து லைட்டர் சத்தம் வந்தது. டிக், டிக், டிக். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் டிக், டிக்.

கூடத்தில் சம்பந்திக்கு எதிரே உட்கார்ந்திருந்த கிருபாவதிக்குப் புரிந்துவிட்டது. கேஸ் தீர்ந்துவிட்டது! மாற்று சிலிண்டர் நாளைக்குத்தான் வரும். கரண்ட் அடுப்பைப் போட்டாலோ, அந்த வாடகை வீட்டில் அடுத்த நொடி ஃபியூஸ் போகும்.

"இன்னா சத்தம் அது?" என்றாள் ஹன்னா.

"பல்லி, சம்மந்தியம்மா. எங்க வூட்டுப் பல்லி கொஞ்சம் கனமா கத்தும்."

ஹன்னா உதட்டைச் சுழித்தாள். புத்தூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துச் சித்தூருக்கு வந்தவள், செருப்பைக் கழற்றும்போதே வந்த காரியத்தைச் சொல்லிவிட்டாள். மகள் ஈவ்லினுக்கு இது ஐந்தாம் மாதம். இன்றைக்கே அழைத்துக்கொண்டு போகப் போகிறாள். குழந்தை பிறந்த பிறகுதான் திருப்பி அனுப்புவாள்.

"ஏழாம் மாசம்தானே வழக்கம்?" என்று கிருபாவதி மெல்லக் கேட்டுப் பார்த்தாள்.

"அதெல்லாம் சமைக்கிற வூட்டுக்கு. நீங்க பஸ்லயே குடித்தனம் பண்றவங்க. எம் பொண்ணு ஊற வெச்சதையே துன்னுகினு கெடக்கறான்னு புத்தூர் வரைக்கும் சேதி வருது. மதியம் உங்க வூட்ல ஒருவேளை துன்னு பாக்கறேன். அப்புறம் பொட்டியக் கட்டச் சொல்றேன்."

அந்தச் சேதி பொய்யில்லை. அதுதான் கிருபாவதிக்கு வலித்தது.

சித்தூர், திருப்பதி தடத்தில் அவள் கண்டக்டர். பஸ் டிரைவராக இருந்த கணவன் மாசிலாமணி சின்ன வயதிலேயே கண்ணை மூட, அவனுக்குப் பதிலாகக் கிடைத்த வேலை அது. கைக்குழந்தை ஆசிரை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுது முடித்த மறு மாதமே, தோளில் பையை மாட்டிக்கொண்டு "டிக்கெட், டிக்கெட்" என்று கிளம்பிவிட்டாள். அடுப்பின் முன்னால் நிற்க அவளுக்கு நேரமேது? அதனால் பஸ்ஸையே அடுப்பாக்கினாள். டிரைவர் பக்கத்து எஞ்சின் மூடி மேல், ஊறிய அவல் டப்பாவைத் துணி சுற்றி வைப்பாள். பூதலப்பட்டில் வைத்தால் சந்திரகிரியில் சுடச்சுட உப்புமா. பாட்டிலில் தயிரும் உப்பும் தண்ணீரும் ஊற்றிக் கம்பியில் தொங்கவிட்டால், ரோட்டுப் பள்ளங்களே மோர் கடைந்து கொடுக்கும். திருப்பதி ஸ்டாண்டில் அவள் டப்பாவைத் திறந்தால் மற்ற டிரைவர்கள் மூடியை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். "அக்கா, கொஞ்சம் பெட்டண்டி!" என்று தெலுங்கில் கேட்பார்கள்.

ஆனால் அந்த டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து, எதிரே ஆள் வைத்துச் சாப்பிட்டது ஈவ்லின் மருமகளாக வந்த பிறகுதான். மகன் ஆசிருக்கு ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வேலை, ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் வீடு. மற்ற நாளெல்லாம் மாமியாரும் மருமகளும் ஒரே தட்டில் கை போட்டுக்கொண்டு சிரித்த சிரிப்பு! அதை இந்த அம்மாள் பெட்டியில் கட்டிக்கொண்டு போய்விடுவாளா?

"தோ வந்துட்டேன்," என்று கிருபாவதி எழுந்தாள்.

சமையலறையில் ஈவ்லின் லைட்டரைப் பிடித்தபடி கண் கலங்கி நின்றாள். "அத்த, போச்சு. எங்கம்மா இழுத்துகினு பூடுவாங்க. அங்க போனா கஷாயமும் கஞ்சியும்தான் அத்த. படுத்தா ஏன் படுத்தேம்பாங்க, எழுந்தா ஏன் எழுந்தேம்பாங்க."

"கண்ணத் தொடச்சுக்க. அவலக் கழுவு. நான் மாங்கா துருவறேன்."

புளித்த மோரில் அவல் மெத்தென்று ஊறியது. அதில் பச்சை மாங்காய், வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய், இடித்த வேர்க்கடலை. மேலே நேற்றைய முறுக்கை நொறுக்கித் தூவினாள். குடிக்க, பானைத் தண்ணீரில் வெல்லமும் எலுமிச்சையும் கரைத்து, ஃப்ரிட்ஜில் மிச்சமிருந்த மாம்பழக்கூழை இரண்டு கரண்டி விட்டுக் கலக்கினாள்.

"இதுக்குப் பேரு இன்னா அத்த?"

"இன்னும் வெக்கல."

கூடத்தில் ஹன்னா தன் முன் வைத்த தட்டைப் பார்த்தாள். புருவம் கூரைக்குப் போயிற்று. "இன்னாது இது? நெருப்பே காட்டலியா?"

கிருபாவதிக்குச் சட்டென்று மகனின் கல்யாண விருந்து ஞாபகம் வந்தது. அன்றைக்கு இந்த ஹன்னா, நூடுல்ஸ் கிண்டிக்கொண்டிருந்த சமையல்காரனிடமே போய், "எங்க வூட்ல இதுக்குப் பெருங்காயம் போடுவோம்," என்று திருத்தியவள். தெரியாது என்ற வார்த்தை அவள் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை.

"நெருப்பு காட்டக்கூடாதே, சம்மந்தியம்மா! இது மிஷன் காலத்துப் பலகாரமாச்சே. துரைசானி அவல்! வெள்ளக்காரத் துரைசானிங்க ஊர் ஊரா கூடாரம் போட்டு ஊழியம் பண்ணப்போ செஞ்சது. உங்களுக்குத் தெரியாததா?"

ஈவ்லின் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஹன்னா ஒரு கணம்தான் தடுமாறினாள். "எனக்கா தெரியாது? எங்க தாத்தாதானே துரை பங்களாவுல சமையல்!" ஒரு வாய் போட்டு மென்றாள். இன்னொரு வாய் போட்டாள். "எல்லாம் சரி. முறுக்கு மட்டும் சின்னதா நொறுக்கணும். துரைசானிக்குப் பல்லு வலி."

"அடடா, எனக்கு யாரும் சொல்லலியே!"

"யாரு சொல்லுவா? எங்க குடும்பத்துக்குத்தான் தெரியும். மழைக்காலத்துல இதையே சூடாவும் துன்னுவாங்க. துரையோட கார் எஞ்சின் மேல டப்பாவ வெச்சுடுவாராம் தாத்தா."

ஈவ்லினுக்குப் புரையேறியது. கிருபாவதி முகத்தைத் திருப்பிக்கொண்டு மருமகளின் தலையைத் தட்டினாள். அவளும் சிரிப்பை விழுங்கினாள்.

தட்டைக் காலி செய்த ஹன்னா பானகத்தையும் குடித்து முடித்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சரி, பொட்டியக் கட்டு ஈவ்லின். இதத்தான துன்ன ஆசப்படற? நம்ம வூட்ல நானே முறையா செஞ்சு தர்றேன்."

கிருபாவதியின் சிரிப்பு அப்படியே செத்தது. தன் வாயாலேயே மருமகளை வழியனுப்பிவிட்டாளே பாவி! ஈவ்லின் மெல்ல எழுந்து மாமியாரைப் பார்த்தாள்.  கர்த்தரே, இன்னும் ஒரே ஒரு பொய் என்று கிருபாவதி மனதுக்குள் மன்றாடினாள்.

"செஞ்சு குடுங்க சம்மந்தியம்மா. ஆனா மாசமா இருக்கறவளுக்கு இதத் தர்றதுல துரைசானி ஒரு முறை வெச்சிருக்காங்களே..."

"எது?"

"ஐயோ, எங்கிட்டயே கேட்டு வெளையாடறீங்க. முதல் வாய் எந்த வூட்ல துன்னாளோ, ஏழாம் மாசம் வரைக்கும் அந்த வூட்டு மோர்லதான் அவல் ஊறணும்னு. உங்க தாத்தா சொல்லாமலா இருந்திருப்பாரு?"

ஹன்னா கணக்குப் போட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டால் மகளைக் கூட்டிப் போகலாம். பங்களா தாத்தா போய்விடுவார். தெரியும் என்றால் தாத்தா நிற்பார். மகள் இங்கே நிற்பாள். ஹன்னா முந்தானையால் உதட்டைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

"தெரியும்," என்றாள் கடைசியில். "நீங்க முறை தெரிஞ்சவங்களான்னு பாக்கத்தான் பொட்டியக் கட்டச் சொன்னேன்."

ஈவ்லின் தாயைக் கட்டிக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் அவள் உடம்பு குலுங்கியது. ஹன்னா மகளின் கன்னத்தைப் பிடித்துத் தூக்கி வெகுநேரம் பார்த்தாள்.

"சதை போட்டிருக்கா," என்றாள், குற்றம் சொல்கிற மாதிரி. 

சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று கிருபாவதியைக் கிட்டத்தில் அழைத்தாள்.

"சம்மந்தியம்மா, ஞாயித்துக்கிழம எங்க சபை பொம்பளைங்களுக்கு இதச் செஞ்சு காட்டப் போறேன். எங்க தாத்தா சொன்ன முறைன்னுதான் சொல்வேன். யாராவது கேட்டா நீங்களும் அப்படியே சொல்லணும்."

"வேற எப்படிச் சொல்வேன்? உங்க தாத்தா முறைதானே!"

"ம். ஏழாம் மாசம் மொத தேதி வருவேன். அப்போ எந்த முறையும் சொல்லக்கூடாது."

படியிறங்கித் தெருமுனையில் திரும்பும்வரை அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். உள்ளே சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு நின்ற ஈவ்லினுக்கு, இன்னும் கொஞ்சம் பொறு என்று கை காட்டிவிட்டு, கிருபாவதி கதவைச் சாத்தினாள்.