கேள்விக்காரியின் கடைசிக் கேள்வி

ஏரியா முழுக்க அவளுக்குக் கேள்விக்காரி என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் கழுத்தோடு தொங்கத்தான் செய்கிறது. அதை யார் படித்தார்கள்! கையில் பரீட்சை அட்டையோடு தெருமுனையில் அவள் தலை தெரிந்தால் போதும், "இன்னைக்கு எதப் பத்திம்மா?" என்று தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டுக் குரல் கொடுப்பார்.

அவள் வேலை பார்ப்பது கருத்துக்கணிப்பு நிறுவனத்தில். அங்கே எல்லாவற்றுக்கும் 'போல்' (poll) என்று ஒரே இங்கிலீஷ் வார்த்தைதான். ஜனங்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போடுவதும் போல். போட்டுவிட்டு வெளியே வருகிறவரை மடக்கி யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்பதும் போல். எந்தச் சோப்பில் நுரை அதிகம் என்று வீடு வீடாக விசாரிப்பதும் போல். மத்தியானம் டீ யாருக்கு, காபி யாருக்கு என்று ஆபீஸில் கை தூக்கச் சொன்னால் அதுவும் போல். ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு நிறுவனமே காலம் தள்ளுகிறது, அவ்வளவு சிக்கனம்.

வேலையில் அவள் கெட்டி. கேட்கிறவள் முகத்தில் எதுவும் தெரியக் கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். புருவம் கொஞ்சம் ஏறினாலும் போச்சு, எதிரே நிற்பவர் தன் பதிலை விட்டுவிட்டு அவளுக்குப் பிடித்த பதிலைத் தேடத் தொடங்கிவிடுவார். இரண்டாவது பாடம் இன்னும் கஷ்டம்: கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். அந்த மௌனம் தாங்காமல்தான் ஆட்கள் உண்மையைச் சொல்வார்கள்.

எல்லாம் முடிந்ததும் கடைசியாக ஒன்று உண்டு: "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" பாதிப் பேர் "ஒண்ணுமில்லம்மா" என்று கதவைச் சாத்துவார்கள். மீதிப் பேர் அப்போதுதான் ஆரம்பிப்பார்கள். சோப்பைப் பற்றிக் கேட்கப் போன வீட்டில் ஒரு அம்மாள், மகன் தன்னோடு பேசுவதே இல்லை என்று சொல்லி அழுதுவிட்டாள். அதற்குச் சோப்புக் கம்பெனி என்ன செய்யும், பாவம். இருந்தாலும் கேள்விக்காரி ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டாள். அந்த அம்மாள் "உள்ள வந்து உக்காரும்மா" என்று சொன்னவள். அப்படிச் சொல்கிற வீடு அபூர்வம். மற்ற இடங்களில் வாசலோடு சரி.

இத்தனை கெட்டிக்காரத்தனத்திலும் ஒரு வினை இருந்தது. எதையும் காட்டாத அந்த முகம் வீட்டுக்கும் வந்துவிட்டது. புதுப் புடவை பிடித்திருக்கிறதா என்று கேட்டால் அதே முகம், சினிமா எப்படி என்றால் அதே முகம். மற்றவர்களின் விருப்பத்தைக் கேட்டுக் கேட்டே, தன் விருப்பத்தைச் சொல்லும் பழக்கம் விட்டுப் போயிருந்தது.

இந்த நிலையில்தான் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, ஃபோன் பிரிவில் சூப்பர்வைசராகப் போகிறாயா என்று கேட்டார். அலைச்சல் இல்லை, நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை. திங்கட்கிழமை காலையில் பதில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வேறொருத்திக்குப் போய்விடும்.

அவளுக்கு அந்த நாற்காலி வேண்டும். முழங்கால் தேய்ந்துகொண்டே வருகிறது, மாடிப்படியைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறாள். அதை வீட்டில் சொன்னால் முடிந்தது. ஆனால் சொல்லத்தானே வரவில்லை, கேட்கத்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கணவர், மகள், மாமனார் மூன்று பேரையும் கூடத்தில் உட்கார வைத்து, பரீட்சை அட்டையை எடுத்துக்கொண்டாள்.

"ஆபீஸ் நாற்காலின்னா ஒண்ணு, தெரு வேலைன்னா ரெண்டு. எது சரின்னு நினைக்கிறீங்க?"

கல்லூரியில் படிக்கும் மகள் யோசிக்கவேயில்லை. "ஒண்ணு. எங்கம்மா சூப்பர்வைசர்னு சொல்லிக்கலாம்."

பஸ் ஓட்டுநரான கணவர் சிரித்தார். "ரெண்டு. தினம் நாலு வீட்டுக் கதையோட நீ வந்தாத்தான் வீடே கலகலன்னு இருக்கு. உனக்கும் அதுதானே பிடிக்கும்?"

முழங்கால் ஐயோ என்றது. முகம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் இரண்டில் டிக் அடித்தாள்.

மாமனார் கண்ணாடியைத் துடைத்தபடியே, "உன் இஷ்டம் எதுவோ அதுதான்மா" என்றார்.

"அந்தப் பதில் இதுல இல்ல மாமா. ஒண்ணு, ரெண்டு, தெரியாது. மூணுல ஒண்ணு சொல்லுங்க."

"அப்ப தெரியாதுன்னு போட்டுக்கோ" என்றார் அவர், ஏமாற்றத்தோடு.

நாற்காலிக்கு ஒரு ஓட்டு, தெருவுக்கு ஒரு ஓட்டு, சமம். "சரி, இருக்கறபடியே இருக்கட்டும்" என்று அவள் அட்டையை வைத்துவிட்டு டீ போட எழுந்தாள். கை ஊன்றித்தான் எழுந்தாள். அதை அன்றைக்குத்தான் கணவர் பார்த்தார்.

"அம்மா, வீட்டுல நாலு பேரு. மூணு ஓட்டுதானே விழுந்திருக்கு?" என்றாள் மகள்.

"கேக்கறவங்க பதில் சொல்லக் கூடாதுடி. அதுதான் ரூல்."

கணவர் அட்டையையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார். அடுத்த நிமிஷம் காலிங்பெல் அடித்தது. அவள் திறந்தாள்.

"வணக்கம்மா. கருத்துக்கணிப்புலேர்ந்து வர்றோம். வீட்டுல பெரியவங்க யாராவது இருக்காங்களா?"

மாமனார் உள்ளே விழுந்து விழுந்து சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. "நான்தான். கேளுங்க."

"ஆபீஸ் நாற்காலியா, தெருவா?"

'தெரியாது' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கணவர் வாயைத் திறக்கவில்லை. ஹாரன் இல்லாமல் ஒரு தெருவைக் கடக்காத மனுஷர், வாயை மூடிக்கொண்டு நின்றார். அவளிடமிருந்தே கற்ற வித்தை.

"ஒண்ணு" என்றாள் அவள். "நாற்காலிதான் வேணும். முழங்கால் வலிக்குதுங்க. படி ஏறினா உயிர் போகுது. ரொம்ப நாளா."

அவருக்குக் கருத்துக்கணிப்பெல்லாம் மறந்துவிட்டது. "ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேக்கலையே."

கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். அதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. ஒன்றில் அழுத்தி டிக் அடித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

"வேற ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?"

ஒண்ணுமில்லை என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். எத்தனை வாசல்களில் கேட்ட பதில் அது! அப்புறம் கதவை நன்றாகத் திறந்துவிட்டாள்.

"நிறைய இருக்கு. உள்ள வந்து உக்காருங்க."

மகள் டிவியை அணைத்தாள். மாமனார் டீ போடப் போனார்.