பட்டாளத்துக் கோப்ரலுக்கு ஆத்தா அனுப்பிய வேப்பிலை

மாரியம்மனை நம்பி வாழும் என் சகோதர சகோதரிகளே, வெள்ளிக்கிழமை பஜனையில் இதைப் பலமுறை சொல்ல எழுந்து, சொல்லி முடிக்காமலே உட்கார்ந்திருக்கிறேன். அதனால் எழுதித் தருகிறேன். யாராவது ஒருவர் வாசித்துக் காட்டுங்கள்.

நாற்பத்தெட்டாம் வருஷம் பட்டாளத்திலிருந்து என்னை விடுவித்தார்கள். யுத்த காலத்தில் மருத்துவப் பிரிவில் சேர்ந்து ஆறு வருஷம் இருந்தேன். துப்பாக்கி சுட்டது கொஞ்சம்தான். முகாமில் பேதியோ காய்ச்சலோ பரவினால் முதலில் ஓடுவது எங்கள் ஆட்கள். நோயாளிகளைப் பிரித்து வைப்போம், கயிறு கட்டி வழியை மறிப்போம், தண்ணீரைக் காய்ச்சுவோம், கக்கூஸ் குழி வெட்டுவோம். நான் விசில் ஊதினால் இருநூறு பேர் வரிசையில் நிற்பார்கள். கோப்ரல் என்று தோளில் பட்டியும் இருந்தது. அந்தப் பெருமையோடுதான் நோர்வூட்டுக்கு மேலே இருக்கும் நம் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பி வந்தேன்.

வந்த பிறகு நான் யாருக்கும் தேவைப்படவில்லை. அட்டன் டவுனில் ஏறி இறங்காத இடமில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் கேட்டேன், இலங்கைப் பிரஜாவுரிமைப் பத்திரம் எங்கே என்றார்கள். நம்மில் யாரிடம் அது இருந்தது? தோட்டத்தில் கங்காணி வேலைக்கு வைத்துப் பார்த்தார்கள். கொழுந்து எடுக்கிற பெண்களைப் பட்டாளம் மாதிரி நிறுத்தி ஒன்று, இரண்டு என்று இலக்கம் சொல்ல வைத்தேன். ஒருத்தி பதினேழுக்குப் பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், மலை முழுக்கச் சிரித்தது. மூன்றாம் நாள் கணக்கப்பிள்ளை என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

இப்படி இரண்டு வருஷத்துக்கு மேல் போயிற்று. என் மனைவி மருதாயி கூடை சுமந்தாள். நான் சோறு பொங்கினேன், ஐந்து வயது மகள் செல்வியை, தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுக் கூட்டி வந்தேன், கம்பளியைப் பட்டாளத்து மடிப்பில் மடித்து வைத்தேன். "கோப்ரல் ஐயா, இன்னைக்கு ரசத்துக்கு உப்புப் போட உத்தரவு உண்டா?" என்று மருதாயி கேலி பேசுவாள். நானும் சிரிப்பேன். அவள் மலைக்குப் போனதும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அழுவேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலில், "ஆத்தா, நான் கற்றதற்கு ஒரு வேலை கொடு" என்று மட்டும் கேட்டேன்.

ஐம்பத்தொன்றில், பங்குனி வெயிலில், நம் வரிசை வீடுகளில் கீழ் லயத்தில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டது. நம் தோட்டத்து மருந்துச்சாலையை அப்போது பார்த்துவந்த டாக்டரய்யா என் பட்டாளத்து வேலையைப் பற்றித் தோட்டத்தை நடத்தும் துரையிடம் சொல்லி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். துரை ஒரே நிபந்தனைதான் வைத்தார். ஒரு மாதம் இந்த வேலையை நான் பார்க்க வேண்டும். அம்மை கீழ் லயத்தைத் தாண்டாவிட்டால் மருந்துச்சாலையில் நிரந்தர வேலை. தாண்டினால் கிடையாது. ஆத்தா கண் திறந்துவிட்டாள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டியிலிருந்து விசிலை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

நான் செய்த தவறை ஒளிக்காமல் சொல்கிறேன். முகாமில் செய்ததை அப்படியே செய்தேன். லயத்தைச் சுற்றிக் கயிறு கட்டிச் சிவப்புத் துணி தொங்கவிட்டேன். அதற்குள் அம்மை கண்டிருந்த மூன்று பிள்ளைகளைத் தாய்மாரோடு கிளப்பி, தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த பழைய கொட்டிலில் கொண்டுபோய் வைத்தேன். வெளியே பூட்டும் போட்டேன். பட்டாளத்தில் இது சரி. ஆனால் அம்மை நம் வீட்டில் வெறும் நோயா? ஆத்தா வந்து இறங்கியிருக்கிறாள் என்றல்லவா சொல்கிறோம்? வந்தவளை வீட்டை விட்டுத் துரத்திக் கொட்டிலில் பூட்டுகிறான் இவன் என்று லயமெல்லாம் பேசினார்கள். நானும் இதே லயத்தில் பிறந்து, எனக்கும் அம்மை போட்டு, வேப்பிலைப் படுக்கையில் கிடந்தவன்தான். ஆறு வருஷத்தில் அதை எப்படி மறந்தேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

அதன் பிறகு அம்மை கண்ட வீடுகள் மறைக்க ஆரம்பித்தன. பிள்ளையை வீட்டில் வைத்தால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று, இரண்டு கொப்புளம் இருந்தாலும் முழுக்கைச் சட்டை போட்டுக் கயிற்றைத் தாண்டி, செல்வியும் போகிற அதே பிள்ளைக்காம்பராவுக்கு அனுப்பினார்கள். நான் வாசல் வாசலாக விசில் ஊதிப் பார்த்தேன். எல்லாரும் வரிசையில் நின்று, எங்கள் வீட்டில் ஒன்றுமில்லை என்றார்கள். பதினோராம் நாள் காலையில் செல்வியைக் குளிப்பாட்டத் தூக்கினேன். முதுகில் நான்கு முத்துக்கள் இருந்தன.

அம்மை நாங்கள் இருந்த மேல் லயத்துக்கு வந்துவிட்டது, அதுவும் என் வீட்டுக்கே. வேலை போனது போனதுதான். என்றாலும் சட்டம் எல்லாருக்கும் ஒன்று என்று கம்பளியில் பிள்ளையைச் சுற்றிக் கொட்டிலுக்குத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன். மருதாயி வாசற்படியில் குறுக்கே நின்றாள். அவள் சத்தம் போடவில்லை.

"பட்டாளத்துல யாரை வேணும்னாலும் பூட்டியிருப்பீங்க. இது ஆத்தா வந்திருக்க வீடு. வாசல்ல வேப்பில கட்டுங்க, ஒரு ஈ காக்கா உள்ள வராது. நம்ம சனம் கயித்தத் தாண்டும், வேப்பிலயத் தாண்டாது. இது ஒங்களுக்குத் தெரியாதாங்க?"

பிள்ளையை அவள் கையில் கொடுத்தேன். வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் வெளியாள் நுழைய மாட்டான். வீட்டு ஆள் வெளியே போக மாட்டான். தாளிப்பு இல்லை, விருந்தாளி இல்லை, தினமும் வீட்டைக் கழுவுவார்கள், ஒருத்தி மட்டும் பக்கத்தில் இருந்து பார்ப்பாள். முகாமில் எங்களுக்கு ஒரு வாரம் வகுப்பெடுத்துச் சொன்னதை நம் சனம் காலங்காலமாகச் செய்து வந்திருக்கிறது. நான்தான் குறுக்கே போய்க் கயிறு கட்டியிருக்கிறேன்.

ஆனால் வேப்பிலைக்கு எங்கே போவது? இந்த மலைக் குளிரில் வேம்பு வளர்கிறதா? கீழே வெயில் ஊரான மாத்தளைப் பக்கம் போய் எடுத்துவர இரண்டு நாள் ஆகும். உச்சிவேளையில் நம் கோயிலுக்குப் போய்க் குப்புற விழுந்தேன். "ஆத்தா, வேலை வேண்டாம். ஒன்ன கொட்டில்ல பூட்டுனது நாந்தான். என் புள்ளையக் காப்பாத்து. எல்லாப் புள்ளையையும் காப்பாத்து. கட்டுறதுக்கு எல குடு." இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியாது.

எழுந்து, மாத்தளைக்குப் புறப்படலாம் என்று ரோட்டில் இறங்கினேன். எதிரே நோர்வூட்டில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன் காசிம் நானா ஏற்றத்தில் மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தார். தலையில் ஒரு சாக்கு மூட்டை. வாயைக் கட்டிய இடத்தில் பச்சை இலை நீட்டிக்கொண்டிருந்தது.

"மாத்தளைக்கு மச்சான் ஊட்டுக்குப் போய் வாறேன் தம்பி. தோட்டத்துப் புள்ளைகளுக்கு அம்மையாமே, வரக்குள்ள வேப்பில கொண்டாங்கன்னு நம்ம ஊட்டுல சொல்லித்தான் அனுப்புனா."

நான் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். நானா வீட்டிலிருந்து புறப்பட்டது இரண்டு நாளுக்கு முன்னால். நான் வாய் திறந்து கேட்டது அன்றைக்கு மத்தியானம். கேட்பதற்கு முன்பே எனக்காகப் புறப்பட்டுவிட்டது அந்த இலை. யாரோ தற்செயல் என்று சொன்னார்கள். சொல்லட்டும். மூட்டையை அவர் தலையிலிருந்து இறக்கியவன் நான்.

முதல் கொத்தை என் வாசலில் கட்டினேன். பிறகு ஓடிப்போய்க் கொட்டிலைத் திறந்து, தாய்மாரிடம் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டு, மூன்று பிள்ளைகளையும் நானே தூக்கி அவரவர் வீட்டில் விட்டேன். கயிற்றை அவிழ்த்தேன். அவிழ்த்துக்கொண்டு நிற்கும்போதே ஒரு பெண் பக்கத்தில் வந்து, தலையைக் குனிந்துகொண்டு, "கோப்ரல் அண்ணே, எங்க வீட்டுக்கும் ஒரு கொத்து" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. பொழுது சாய்வதற்குள் ஒன்பது வீடுகள் தாங்களாகவே வந்து சொல்லிவிட்டன. பத்து நாள் விசில் ஊதியும் ஒரு வீட்டைக்கூட நான் கண்டுபிடிக்கவில்லை.

மற்றதெல்லாம் எனக்குத் தெரிந்த வேலை. தண்ணீரைக் காய்ச்ச வைத்தேன், துணிகளை வெந்நீரில் அவிக்கச் சொன்னேன், டாக்டரய்யாவை வீடு வீடாகக் கூட்டிப்போனேன். வாசலில் நின்று அனுமதி கேட்டுத்தான் உள்ளே போனோம். அம்மை அந்த ஒன்பது வீடுகளோடும், முதல் மூன்று பிள்ளைகளின் வீடுகளோடும், என் வீட்டோடும் நின்றது. ஒரு பிள்ளையையும் நாங்கள் இழக்கவில்லை. செல்விக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய நாளில், அவள் எழுந்து உட்கார்ந்து கருவாடு கேட்டாள். மருதாயி சிரித்துக்கொண்டே அழுதாள்.

மாதம் முடிந்தது. துரை சொன்ன நிபந்தனையில் நான் தோற்றுப்போனவன். ஆபீசுக்குப் போய் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அம்மை தாண்டியது என் தவறால், நின்றது ஆத்தாவால், எனக்கு வேலை சேராது என்றேன். டாக்டரய்யா துரையிடம் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். அதற்கு முந்தின நாள் காலையில் மலைக்குப் போகிற வழியில் இருபது முப்பது பெண்கள் கூடையோடு அவர் வாசலுக்கு வந்தார்களாம். அதில் கொட்டிலில் பூட்டப்பட்ட மூன்று தாய்மாரும் இருந்தார்களாம். "எங்க வீட்டு நோவ இனி அந்த அண்ணன்கிட்டதான் சொல்லுவோம். அவர வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். துரை எழுந்து எனக்குக் கை கொடுத்தார்.

அன்றிலிருந்து பதின்மூன்று வருஷமாக இந்த மருந்துச்சாலையில்தான் இருக்கிறேன். எத்தனை காய்ச்சல் வந்தது, எத்தனை மழையில் மண் சரிந்தது, உங்களுக்கே தெரியும். நான் வந்து நிற்பதற்குள் நீங்கள் கதவைத் திறந்துவிடுகிறீர்கள். பட்டாளத்தில் என் தோள்பட்டியைப் பார்த்து வந்தார்கள். இங்கே என்னை நம்பி வருகிறீர்கள். இதற்கு நான் ஆத்தாவுக்கு எத்தனை தீச்சட்டி எடுத்தாலும் போதாது.

வேலை இல்லாமல், வழி தெரியாமல் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறவர் யாராவது இருந்தால் அவளிடம் போய் விழுங்கள். வெட்கப்படாதீர்கள். பதிலை அவள் ஏற்கனவே அனுப்பியிருப்பாள். வீட்டுக்கு வந்து, வாசற்படியில் குறுக்கே நிற்கிறவள் என்ன சொல்கிறாள் என்று கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.