மஞ்சள் கொழுப்பும் பங்களா விருந்தும்

ஆரணி சந்தைக்குப் பக்கத்தில் கறிக்கடை வைத்திருந்த காதர் பாய், ஆட்டுக்குட்டியின் வயிற்றைக் கிழித்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், ஜல்தியா வாங்க. இத்த பாருங்க."

கொழுப்பு முழுக்க மஞ்சள். ஈரலிலும் மஞ்சள் பாய்ந்திருந்தது. சிறுநீரகம் கறுத்துக் கிடந்தது.

எண்பதுகளின் தொடக்கம். நான் கால்நடை ஆய்வாளர். அன்று மதியம் டிராவலர்ஸ் பங்களாவில் எங்கள் அதிகாரி வைத்த விருந்துக்காகத்தான் அந்தக் குட்டி. 'சத்துத் தீவனமும் கறியின் தரமும்' என்று பேனர்கூடக் கட்டியாகிவிட்டது.

அந்த மகானைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆட்டைத் தொட்டால் கைக்குட்டையில் விரல் துடைப்பவர். கறவை மாடுகளுக்கென்று வந்து குடோனில் மீந்துபோன மினரல் மிக்சரை, அதாவது தாது உப்புக் கலவையை, ஆட்டுக்குட்டிகளுக்குப் போட்டு எடை ஏற்றுவது அவர் திட்டம்.

"அதுல காப்பர் அதிகம் சார், ஆட்டுக்கு ஆகாது" என்று ஒரு தடவை சொன்னேன்.

"மாடு தின்றத ஆடு தின்னக் கூடாதா? நீ டாக்டரா, நான் டாக்டரா?"

வாயை மூடிக்கொண்டேன். படவேட்டில் கூலி வேலைக்குப் போய்க்கொண்டே பன்னிரண்டு குட்டிகள் வளர்த்த முனியம்மாவிடம் மூட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான். கடலைப் புண்ணாக்கும் சேர்ந்ததால் குட்டிகள் மளமளவென்று எடை ஏறின. அதிகாரி தராசோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அந்தப் பன்னிரண்டில் ஒன்றுதான் விருந்துக்கு வந்தது.

இப்போது பங்களாவுக்கு ஓடி, பாய் கண்டதைச் சொன்னேன்.

"சத்து ஏறினா கொழுப்பு மஞ்சளாத்தான்யா இருக்கும். அதையே சமைக்கச் சொல்லு."

பாய் மசியவில்லை. "காமாலை புடிச்ச கறிய என் கையால வெட்டித் தரமாட்டேன் சார். வோணும்னா காட்டுல மேஞ்ச குட்டி ஒண்ணு கீது. எடுத்துகினு போங்க."

மஞ்சள் குட்டியைப் புதைத்துவிட்டு, அதைக் கொண்டுபோனேன். அதிகாரியிடம் மூச்சு விடவில்லை. விருந்தினர்கள் எலும்பை உறிஞ்சி உறிஞ்சிப் பாராட்டினார்கள்.

"காட்டுல மேயற ஆட்டுல இந்த ருசி வருமா? இதுக்குப் பேருதான் சயின்ஸ்" என்றார் அதிகாரி.

எனக்குச் சிரிப்புகூட வரவில்லை. படவேட்டில் இன்னும் பதினொரு குட்டிகள் இருந்தன. கிடைத்த பஸ்ஸில் ஏறினேன்.

நான் போவதற்குள் மூன்று செத்துக் கிடந்தன.

"காபித்தண்ணி மாதிரி மூத்திரம் போவுது சார். நேத்துகூட துள்ளிகினு இருந்துச்சுங்க" என்றார் முனியம்மா.

தீவனத்தை நிறுத்தச் சொன்னேன். அது ஆகாதென்று எனக்கு முன்பே தெரியும் என்பதையும் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தெரிஞ்சுகினேவா சார் மூட்டையத் தூக்கிகினு வந்தீங்க?"

அதற்குப் பிறகும் மூன்று செத்தன. ஐந்து பிழைத்தன. அதிகாரியின் அறிக்கையில் எடையும் ருசியும் இருந்தன. சாவுகளுக்கு 'மழைக்கால நோய்' என்று பெயர். நான் கையெழுத்துப் போட மறுத்து, நடந்ததைத் தனியாக எழுதி மேலே அனுப்பினேன். என்னை வெம்பாக்கத்துக்குத் தூக்கினார்கள். அவருக்குப் பதவி உயர்வு.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று. மேலதிகாரியைத் திட்டுவது சுலபம். நான் ரிட்டயர் ஆகும்வரை திட்டினேன். அவரிடம் ஒரு தடவை சொன்னதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தவனையும் சேர்த்துத் திட்டியிருக்க வேண்டும். 'ஆட்டுக்கு ஆகாது' என்ற அந்த வார்த்தையை முனியம்மாவிடம் சொல்லியிருந்தால், மூட்டையை அவரே என் தலையில் தூக்கி வைத்துத் திருப்பி அனுப்பியிருப்பார்.