நாலு ஸ்பூன் சர்க்கரை

என் கணவர் ஒயின் போட்டார். கிறிஸ்துமஸுக்கு எங்கள் கோயில்காரர்கள் வீட்டுக்கு வீடு போடுகிற சர்க்கரைத் தண்ணீரைச் சொல்லவில்லை. இத்தாலிக்காரர்கள் குடும்பம் குடும்பமாகப் போடுகிற அசல் சிவப்பு ஒயின். ரங்கூன் என்கிற எங்கள் யாங்கோனில் இதைச் சொன்னால் இன்றைக்கும் சிரிப்பவர்கள் உண்டு. தாராளமாகச் சிரிக்கட்டும், ஆனால் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

அவர் கப்பலில் வேலை பார்த்தவர். வெனிஸில் கப்பல் பழுதாகி நின்றுபோக, வெரோனா பக்கத்தில் ஒரு குடும்பத்தின் திராட்சைத் தோட்டத்தில் போய்ச் சேர்ந்துகொண்டார். இரண்டு அறுவடை பார்த்துவிட்டு, தொண்ணூற்றொன்றில் ஊர் திரும்பினார். எனக்கு ஒரு சால்வை, பிள்ளைகளுக்கு சாக்லேட், தனக்கு இந்த ஒயின் பைத்தியம் என்று மூன்றைக் கொண்டுவந்தார். சால்வையை அந்துப்பூச்சி அரித்துவிட்டது.

அந்தக் குடும்பம் பறித்த பழத்தை உடனே நசுக்காது. தட்டிகளில் பரப்பி, பாதி சுருங்கும்வரை காயவிட்ட பிறகுதான் நசுக்கும். அங்கே குளிர்காலம் முழுக்கக் காயுமாம். இங்கே எங்களுக்குக் கிடைப்பது மூன்று வாரம். மெய்த்திலாவிலிருந்து பிப்ரவரி கடைசியில் ரயிலில் கூடை கூடையாகப் பழம் வரும். ஆற்றோரம் க்யிம்யிண்டைங்கில் எங்கள் வீட்டு மாடி முழுக்க மூங்கில் தட்டி. படகுத்துறைக் காற்று உள்ளே வரட்டும் என்று எல்லா ஜன்னலையும் திறந்து வைத்துவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பூஞ்சை பிடித்த ஒரு பழம் தட்டியில் கிடந்தால் எனக்குத் திட்டு விழும். ஏப்ரலில் வருகிற தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்னால் நசுக்கி முடித்து, ஊறுகாய் போடுகிற பெரிய ஜாடிகளில் ஊற்றி மூடிவிடுவோம். ஒன்றரை வருடம் தொடக்கூடாது. சர்க்கரை ஒரு சிட்டிகைகூடக் கூடாது. அவருடைய சட்டமெல்லாம் இவ்வளவுதான்.

முதல் ஜாடியைத் திறந்தபோது அகப்பையில் ஒரு வாய் எடுத்து, வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தார். கண் கலங்கியிருந்தது. நானும் ஒரு வாய் குடித்தேன். பாக்குத் துவர்ப்பு. அவர் முகத்தைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றேன்.

ஊருக்கு அந்தத் தயவு தாட்சண்யம் கிடையாது. "பன்டெ" என்றார்கள் பர்மியர்கள், துவர்க்கிறதாம். எங்கள் ஆட்கள் இன்னும் மோசம். "என்னக்கா, கஷாயத்தக் குடுத்து அனுப்பியிருக்கீங்க?" என்று கோயில் வாசலிலேயே கேட்டார்கள். இரண்டு வருடம் பாட்டில்கள் போன வேகத்தில் திரும்பி வந்தன. அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மாடிக்குப் போய் வெறும் தட்டிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஜாடி அவர் பொறுப்பு, பாட்டில் என் பொறுப்பு. கேட்டவர்களுக்கு, கேட்ட வாரத்தில், சனிக்கிழமை அவர் சந்தைக்குப் போயிருக்கும்போது நான்தான் நிரப்பி மூடுவேன். ஒரு கல்யாண வீட்டுக்கு நிரப்பும்போது பாட்டிலுக்கு நாலு ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்து ஊற்றினேன். ஒரு பாட்டில்கூடத் திரும்பி வரவில்லை. அடுத்த வாரம் எட்டு பேர் கேட்டு வந்தார்கள். அப்புறம் எல்லாவற்றிலும் ஊற்றினேன். ஒருமுறை கலந்து வைத்த பாட்டில் ஒன்று புளித்துப் பொங்கி, மூடி தெறித்துப் போனது. வெயில் என்றேன். நம்பினார். என் பேச்சை நம்புவது அவர் பழக்கம்.

அவர் ருசி பார்ப்பதெல்லாம் ஜாடியில்தான். பாட்டிலை ஏன் திறக்கப் போகிறார்? "நம்ம ஆளுங்க நாக்கு திருந்திருச்சு பாத்தியா?" என்று பூரித்துப்போவார். எங்கள் ஊரும் உங்கள் மாதிரியே குடிக்கப் பழகிவிட்டது என்று அந்த இத்தாலிக் குடும்பத்துக்கு வருடா வருடம் கடிதம் எழுதினார். தபாலில் போட்டு வந்தவள் நான்.

பதின்மூன்று வருடம் கழித்து, ஒரு டிசம்பரில், அந்தக் குடும்பத்தின் பெரிய மகன் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர் எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டார். அவர் வருவது முன்பே தெரிந்ததால், ஜாடியிலிருந்து நேராக ஒரு பாட்டில் பிடித்து மேசையில் வைத்திருந்தேன். வந்தவர் குடித்தார். "எங்கப்பா போட்ட மாதிரியே இருக்கு" என்று ஆங்கிலத்தில் சொல்லி என் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டார். இவருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு பர்மிய டீச்சரம்மா, தன் மகன் கல்யாணத்துக்குச் சொல்லிவைத்த பெட்டியை எடுக்க வந்தார். நான் தடுப்பதற்குள் இவர் அந்தப் பெட்டியிலிருந்தே ஒன்றைத் திறந்து, எல்லோருக்கும் ஊற்றித் தானும் எடுத்துக்கொண்டார். டீச்சரம்மா ஒரு வாய் குடித்து, "சோடெ, எப்பவும்போல நல்ல இனிப்பு" என்றார்.

வந்தவரும் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைப் பார்த்தார். "இது வேற ஒயினா?" என்று மெதுவாகக் கேட்டார்.

என் கணவர் விழுங்கினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ஆமா, வேற ஒயின்" என்றார்.

அதற்குப் பிறகு ஐந்து வருடம் உயிரோடு இருந்தார். கடிதம் எழுதவில்லை. தட்டிகள் மாடியில் சாத்தியபடியே கிடந்தன. பழம் வந்த அன்றைக்கே நசுக்கிவிடுவார். ஜாடியைத் திறந்து அகப்பையை என்னிடம் நீட்டுவார், தான் ருசி பார்க்க மாட்டார். ஏன் செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன். பதின்மூன்று வருடம் அவரைச் சந்தோஷமாக வைத்திருந்ததாக நினைத்தேன். நான் செய்தது அவரை ஏமாளியாக வைத்திருந்தது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

அந்த டிசம்பர் நாளைவிட என்னை அதிகம் அரிப்பது அதற்கு அடுத்த சனிக்கிழமைதான். அன்று அவர் சந்தைக்குப் போகவில்லை. நான் பாட்டில்களைக் கழுவி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அடுப்படியிலிருந்து சர்க்கரை டப்பாவை எடுத்து வந்து என் எதிரில் வைத்தார்.

"எத்தன ஸ்பூன்?"

"நாலு."

அவரே எண்ணிப் போட்டுக் கரைத்தார். பாட்டிலில் ஊற்றிக் குலுக்கி, ஒரு டம்ளரில் கொஞ்சம் சாய்த்து என்னிடம் நீட்டினார்.

"இப்ப சரியா இருக்கா?"

வேண்டாங்க, கொட்டிடுங்க, யாரும் வாங்காட்டி போகட்டும், நாம ரெண்டு பேரும் குடிப்போம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொல்லிவைத்தவர்களுக்கு நிரப்ப வேண்டிய பாட்டில்கள் வரிசையாக நின்றன. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியா இருக்குங்க" என்றேன்.