மருமகளின் கேஜில் நான் ஏற்றிய எண்ணெய்

போன வருடம் மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பெசன்ட் நகரை ஒட்டிய மீனவர் குப்பத்துக் கடற்கரை. அன்று அங்கே இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் மகன், என் மருமகள், அவளோடு வேலை பார்க்கும் அவள் தோழி, படகுக்காரர். நான் செய்த காரியத்தை என் வாயாலேயே சொல்லக் கேட்டவர்கள் மற்ற நான்கு பேர்தான். இப்போது உங்களுக்கும் சொல்கிறேன்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சின்னப் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக பிரஷர் கேஜ் சோதிக்கிற வேலை. பாய்லரிலும் கம்ப்ரஸரிலும் வட்டமாக, முள்ளோடு ஒரு மீட்டர் இருக்குமே, அதுதான் கேஜ். எண்ணெய் நிரப்பிய கைப்பம்பில் அதைத் திருகி, அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, முள் உண்மை சொல்கிறதா, பொய் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே முள் ஐம்பதிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்படி எத்தனையோ பார்த்தாகிவிட்டது.

வேலை அப்படி என்பதால் நான் இப்படி ஆனேனா, இல்லை நான் இப்படி என்பதால்தான் அந்த வேலை எனக்கு ஒத்துப்போனதா தெரியவில்லை. வீட்டைப் பூட்டி பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டு, கேஸை மூடினேனா என்று திரும்பி வருகிற ஆள் நான். மகன் ஊருக்குப் போனால், அவன் போய்ச் சேர்ந்து போன் பண்ணும் வரை எனக்குச் சோறு இறங்காது.

இப்படிப்பட்டவளுக்குக் கடலுக்குள் முங்குகிற மருமகள் வந்து வாய்த்தாள். வாரநாட்களில் அடையாறில் ஒரு நீச்சல்குளத்தில் மற்றவர்களுக்கு முங்கக் கற்றுக்கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தோழியோடு படகில் போய், கடலடிப் பாறையில் சிக்கிக் கிடக்கும் கிழிந்த வலைகளை அறுத்து எடுப்பாள். அதற்கும் கூலி உண்டு.

கல்யாணமான புதிதில் அவளுடைய சாமான்களை எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டினாள். கையில் கட்டுகிற வாட்ச் மாதிரி ஒன்று. அதைக் கம்ப்யூட்டர் என்றாள். எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம், இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம், எவ்வளவு மெதுவாக மேலே வர வேண்டும், எல்லாம் சொல்லுமாம். இன்னொன்று கறுப்பு ரப்பர் உறைக்குள், ஒரு குழாயின் முனையில் தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்ததும் சிரித்துவிட்டேன். நம்ம கேஜ்! முதுகிலிருக்கும் சிலிண்டரில் மிச்சக் காற்று எவ்வளவு என்று காட்டுவது. கடலிலிருந்து வந்ததும் இரண்டையும் நல்ல தண்ணீர் பக்கெட்டில் ஊறப்போடுவாள். வெயில் படாமல், துண்டில் சுற்றி, நிழலில் காயவைப்பாள். உப்பு உள்ளே போய்விட்டால் ஆயுசு குறைந்துவிடுமாம்.

அவள் கழுவிக் காயவைப்பதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேஜ் அவள் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஐம்பதில் ஒட்டிக்கொள்ளும் முள் எனக்குக் கண்முன்னால் வந்துகொண்டே இருந்தது. தண்ணீருக்கு அடியில் அவள் ‘ஐம்பது இருக்கிறதே’ என்று நினைத்துக்கொண்டிருக்க, உள்ளே ஒன்றுமே இல்லாமல் போனால்?

ஒருநாள் கேட்டுவிட்டேன். “அத குடும்மா, பட்டறையில ஒரு தடவ போட்டுப் பாத்துட்றேன்.”

“வேணாம் அத்தை. அத வெளியாளுங்க யாரும் தொடக் கூடாது. அதுக்குன்னு இருக்கிறவங்கதான் பாக்கணும்” என்றாள்.

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருடம் முள்ளைப் பார்த்தவள் வெளியாளா?

அந்த வெள்ளிக்கிழமை அவள் நீச்சல்குளத்துக்குப் போயிருந்தாள். கடல் சாமான் பை வீட்டிலேயே இருந்தது. ரப்பர் உறையை விலக்கி, இரண்டு ஸ்பானர் போட்டு கேஜை மட்டும் கழற்றி, சாப்பாட்டுப் பைக்குள் வைத்து எடுத்துப் போனேன். பட்டறையில் எல்லாரும் டீக்குப் போன நேரத்தில் பம்பில் மாட்டினேன். ஐம்பது, நூறு, நூற்றைம்பது, இருநூறு. முள் எங்கேயும் ஒட்டவில்லை. இருநூறில் மட்டும் ஐந்து குறைவாகக் காட்டியது. அது தப்பே இல்லை. கவிழ்த்து வைத்து எண்ணெயை வடித்தேன், பஞ்சால் துடைத்தேன், சாயங்காலம் அவள் வருவதற்கு முன்னால் பழையபடி மாட்டிவிட்டேன். அன்றைக்கு நான் தூங்கிய தூக்கம்!

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது தோழியின் ஸ்கூட்டியில் கிளம்பிப் போனாள். வழக்கம்போல வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். மகன் டீயைக் குடித்துக்கொண்டே எனக்கு ஆறுதல் சொன்னான்.

“யம்மா, சும்மா பயந்துக்கினு கிடக்காத. இன்னைக்கு சிலிண்டர்ல சாதா காத்துகூட கிடையாது. ஆக்சிஜன் ஜாஸ்தி சேத்து அடிச்சது. இன்னும் சேஃப்டி.”

அவன் கையிலிருந்த டீயைப் பிடுங்கிக் கீழே வைத்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் பட்டறைக்கு வெல்டிங் ஆக்சிஜன் கேஜும் வரும். அதன் முகப்பிலேயே சிவப்பு எழுத்தில், எண்ணெய் படக் கூடாது என்று இங்கிலீஷில் போட்டிருக்கும். எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் அந்தச் சிவப்பைத் தூரத்தில் பார்த்தாலே தெரியும். அவற்றுக்குத் தனி மேஜை, எண்ணெய்ப் பம்புக்குப் பதில் நைட்ரஜன் சிலிண்டர், தனிக் கையுறை. அழுத்தத்தில் வருகிற ஆக்சிஜன் எண்ணெயைத் தொட்டால், தீக்குச்சி இல்லாமலே தீப்பிடிக்கும். எங்கள் சூப்பர்வைசரின் இடது கன்னத்துத் தழும்பு அப்படி வந்ததுதான். மருமகளின் கேஜில் சிவப்பு எழுத்து ஒன்றும் இல்லை. வெறும் காற்றுதானே என்று நினைத்துவிட்டேன். கேஜுக்குள் வளைந்து கிடக்கும் மெல்லிய குழாயில் போன எண்ணெய், எவ்வளவு கவிழ்த்தாலும் முழுதாக வெளியே வராது என்பதும் எனக்குத் தெரியும். எல்லாம் தெரிந்தவள்தான் செய்தேன்.

“போன் போடுடா அவளுக்கு.”

போட்டான். எடுக்கவில்லை. கரைக்குப் போனதும் போனைத் தண்ணீர் புகாத பையில் போட்டு மூடிவிடுவார்கள். தோழியின் போனும் அதே கதி.

“வண்டிய எடு.”

“இன்னாம்மா, கேஸ மூடிட்டுப் போனாளான்னு கேக்கப் போறியா?”

“அவ மிஷின்ல ஒரு தப்பு கீதுடா. எடு வண்டிய.”

என் முகத்தைப் பார்த்ததும் அவன் சாவியை எடுத்தான். ஆதம்பாக்கத்திலிருந்து வேளச்சேரி, தரமணி, திருவான்மியூர். ஞாயிறு காலை, ரோடு காலிதான். ஆனாலும் ஒவ்வொரு சிக்னலும் எனக்காகவே சிவப்பாகிற மாதிரி இருந்தது. பின்சீட்டில் என் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தேன். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத எண்ணெய் வாசனை. சிலிண்டரின் வால்வை அவள் திறக்கிற நேரம்தான் என் கண்ணுக்குள் நின்றது. அது திறக்கும்போது அவள் முகம் கேஜுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கும்? ஏதாவது ஆனால் ஊர் என்ன சொல்லும் என்பதையும் நினைத்தேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

மணலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடினேன். படகைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். தோழியின் சிலிண்டர் தயாராக இருந்தது. மருமகள் தன் சிலிண்டருக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். குழாயை மாட்டிவிட்டாள், வால்வைத் திறக்கவில்லை. கேஜைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரப்பர் உறை கொஞ்சம் விலகி, குழாயும் கேஜும் சேருகிற இடத்தில் எண்ணெய் மினுக்கியிருக்கிறது. துணியால் துடைத்துவிட்டாள். ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

“அதான் தொடச்சிட்டியேடி. வெயில் க்ரீமா இருக்கும். தொற” என்றாள் தோழி.

“தங்கச்சி, காத்து மாறிடும். சீக்கிரம்” என்றார் படகுக்காரர்.

“தொறக்காத!” என்று நான் கத்தினதில் கரையில் இருந்த காக்கா எல்லாம் எழுந்து பறந்தது.

நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். கேட்காமல் எடுத்தது, கழற்றினது, பம்பில் மாட்டினது, எண்ணெய். “மேல தொடச்சா போவாதும்மா, உள்ள கீது” என்றேன். மகன் என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலில் பேசியது படகுக்காரர்தான். “மாமியாருங்க கிருஷ்ணாயில் ஊத்தித்தான் கேள்விப்பட்டுக்கிறேன். இது இன்னா புது மாடலா கீது!”

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் வழியெல்லாம் நான் பயந்த வார்த்தை அதுதான். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

“அண்ணே, வாய மூடு” என்றாள் மருமகள். அவள் யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. “சொல்றதுக்குன்னு ஆதம்பாக்கத்துலேருந்து ஓடியாந்துக்கிறாங்க. நீயா இருந்தா சொல்லுவியா?”

அவர் தலையைச் சொறிந்துகொண்டே படகுப் பக்கம் போனார்.

அவள் குழாயைச் சிலிண்டரிலிருந்து கழற்றித் தனியாக வைத்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

“இன்னா எண்ணெ அத்தை அது?”

சொன்னேன்.

“எது வரைக்கும் ஏத்துனீங்க?”

“எரநூறு.”

“முள்ளு கரெக்டா காட்டுச்சா?”

“எரநூறுல மட்டும் அஞ்சு கம்மியா காட்டுது.”

ஒதுக்கி வைத்த கேஜைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம், “அஞ்சு கம்மியா காட்டுதுன்னு நானும் நெனச்சேன்” என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். “தீப்புடிச்சிருக்குமா, தெரியாது அத்தை. புடிக்காமயும் போயிருக்கலாம். ஆனா எண்ணெ மூச்சுல போனா நெஞ்சுக்கு ஆவாது. அதுக்குத்தான் யாரும் தொடக் கூடாதுன்னேன். ஏன் எதுக்குன்னு அன்னைக்கே வெளக்கியிருக்கணும். என் மேலயும் தப்புதான்.”

என் எண்ணெய்க் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. என்னைச் சமாதானப்படுத்துவதற்காக அவள் தப்பில் பாதியை எடுத்துக்கொண்டாள் என்பது எனக்குத் தெரியாதா? என்னைவிட இருபத்து மூன்று வயது சின்னவள்.

கேஜ் இல்லாமல் முங்க முடியாது. ஒருத்தி தனியாகவும் முங்கக் கூடாதாம். அன்றைக்கு வேலை இல்லை. தோழி கொண்டுவந்திருந்த இட்லியை ஐந்து பேரும் படகு நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். “யக்கா, என் எஞ்சின்லயும் ஒரு மீட்டர் கீது. அத மட்டும் தொட்றாத தாயி” என்று படகுக்காரர் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். நானே சிரித்துவிட்டேன்.

எண்ணெய் போன கேஜை இனிமேல் நம்ப முடியாது என்று அவள் ஒதுக்கிவிட்டாள். அடுத்த வாரம் அடையாறில் ஒரு கடைக்கு இருவரும் போனோம். சிலிண்டர் அழுத்தத்தையும் சேர்த்துக் காட்டுகிற புதுக் கம்ப்யூட்டர் ஒன்றைக் கடைக்காரர் காட்டினார். நன்றாகத்தான் இருந்தது. “பேட்டரி தீந்துட்டா?” என்று கேட்டேன். மருமகள் என்னைப் பார்த்தாள். “கேஜே வாங்கிக்கலாம், நீங்களே பாத்து எடுங்க அத்தை” என்றாள்.

ஐந்து கேஜை மேஜையில் வரிசையாக வைக்கச் சொன்னேன். தொடுவதற்கு முன்னால் அவளிடம் “தொடலாமா?” என்று கேட்டுக்கொண்டேன். கனமான பித்தளை உடம்பு, தடிமனான கண்ணாடி, கலங்கலிலும் தெரிகிற பெரிய எண், பூஜ்ஜியத்தில் நடுங்காமல் நிற்கும் முள். அப்படி ஒன்றுதான் இருந்தது. விலை எட்டாயிரத்து ஐந்நூறு. நான்தான் கொடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தேன். அன்றைக்கு அவள் பணம் கட்ட, மாதம் ஆயிரமாக நான் திருப்பித் தருவதாகப் பேச்சு.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அவளே அந்தக் கேஜைப் பட்டறைக்கு எடுத்து வருகிறாள். சூப்பர்வைசர் நைட்ரஜன் மேஜையை அதற்கென்று துடைத்து வைப்பார். நான் கையுறை போட்டுக்கொண்டு ஏற்றுவேன். அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முள்ளைப் படிப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் நிற்பதை நான் விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நிற்கிறேன். ஆனால் என் பயத்தை இப்போது அவளிடமே சொல்லிவிடுகிறேன். அவளும் சொல்கிறாள். அவளுக்கும் பயம் உண்டு என்பது எனக்கு இத்தனை நாள் தெரியாது.

எட்டு மாதம் ஒழுங்காகக் கொடுத்தேன். கடைசியாக நீட்டியதை மட்டும் அவள் வாங்க மாட்டேன் என்கிறாள். “அது இருக்கட்டும் அத்தை. தீந்துட்டா அப்பறம் என்னக் கேக்காம எதையாவது கழட்டுவீங்க” என்கிறாள். கடன் என்றாலே பயப்படுகிறவள் நான். ஆனால் என் மருமகளுக்கு நான் இன்னும் தர வேண்டிய இந்த ஐந்நூறு ரூபாயை நினைத்தால் மட்டும், ஏனோ நிம்மதியாக இருக்கிறது.