மெங்கெஷாவின் வேலிப்புல்

அடிஸ் அபாபாவில் எங்கள் சந்துத் தையல்காரர் மெங்கெஷா வேலியோரம் அழகுக்காகப் புல் வளர்ப்பவர். நரிவால் போலப் பூக்கும் அதில் காய்ந்த தாளை விரலால் சீவி எடுப்பார். வருடம் ஒருமுறைதான் கத்தரி வைப்பார். புல்லுக்கு இத்தனை சீராட்டா என்று கேலி பேசியவள் நான்.

புத்தாண்டன்று காப்பிக்கு ஆட்கள் வருவார்கள், எங்கள் ஊர் வழக்கப்படி தரையில் பச்சைப்புல் பரப்பி அவர்களை உட்காரவைக்க வேண்டும். நான் போவதற்குள் சந்தையில் எல்லாம் விற்றுத் தீர்ந்திருந்தது. வெறுந்தரையில் யாரை உட்காரவைப்பது? மெங்கெஷா கோயிலுக்குப் போயிருந்தார். அரிவாளோடு போய் இரண்டு தூரை அடியோடு அறுத்துவந்தேன்.

அவரையும் அழைத்திருந்தது பிறகுதான் உறைத்தது.

வந்தவர் தரையைப் பார்த்தார். "புல்லு எங்கக்கா வாங்கினீங்க?"

"சந்தையிலதான்." காப்பியை ஊற்றி நீட்டினேன்.

வழக்கமான மூன்று சுற்றுக் காப்பியும் குடித்தார். போகும்போது ஒரு புல்தாளும் மிதிபடாமல் சுவரோரமாகவே நடந்தார். வாசலில் நின்று சொன்னார்: "சந்தையில அறுக்கிறவங்ககிட்ட சொல்லுங்கக்கா, ஒரு சாண் விட்டு அறுக்கணும்னு. அடியோட அறுத்தா தூரு செத்துடும்."