இரண்டு மூக்கு காபி மிஷின்

கள்ளக்குறிச்சியில் மிக்சி, கிரைண்டர் விற்கும் கடையில் நான் சேல்ஸ்மேனாக இருந்தேன். இடஒதுக்கீடு கேட்டு ஊரெல்லாம் மறியல் நடந்த சமயம். மறியல் முடிந்த ஒரு மத்தியானம் ஒருவர் வந்தார். வடக்கனந்தல் பக்கம் நிலபுலன் உள்ளவர். மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி, கத்திக் கத்திக் கட்டிப்போன தொண்டை. எங்கள் கடை நாற்காலியைத் தோள்துண்டால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார். அதற்கு முன் யார் உட்கார்ந்திருந்தார்களோ!

மகளின் சின்ன சமையலறைக்கு அடக்கமாக ஓர் எஸ்பிரஸோ மிஷின் வேண்டுமாம். இருந்ததிலேயே சின்னதைக் காட்டினேன். காபி இறங்கும் இரண்டு மூக்கைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“இது நல்லாகீதே. ஒண்ணு வூட்டுக்கு, இன்னொண்ணு அங்க மலையிலேர்ந்து வேலைக்கு வர்ற ஆளுங்களுக்கு. ரெண்டும் தனித்தனியாதான வரும்?”

“இல்லீங்க. உள்ள ஒரே தண்ணி, ஒரே தூளு. ரெண்டு மூக்குலயும் ஒரே காபிதான்.”

மிஷினைத் தள்ளி வைத்தார். “அப்ப ஒத்த மூக்கு மிஷினா காட்டு. வூட்டுக்கு மட்டும் போதும்.”

“ஆளுங்களுக்குங்க?”

“அவங்களுக்கு எதுக்குப்பா காபி?”

பில் போடும்போது கேட்டேன்: “இன்னா கோஷம் போட்டீங்க, தொண்டை இப்படிக் கட்டிக்கீது?”

“‘எங்கள ஒதுக்காத, சமமா நடத்து’ன்னுதான்” என்றார், துளியும் கூசாமல்.

அவர் போனதும் நான் உட்காரப் போனேன். என்ன தோன்றியதோ, துணியை எடுத்து அந்த நாற்காலியை இரண்டு தட்டுத் தட்டினேன்.